புதுச்சேரியில் ஓர் அறை: விலை என்ன, விதி என்ன?

வெள்ளிக்கிழமை மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கித் தொடங்கும் கார் வரிசை ஞாயிறு இரவு திரும்பும்வரை ஓய்வதில்லை. வார இறுதியோடு ஓர் அரசு விடுமுறையும் ஒட்டிக்கொண்டால் ஊர் திணறிப்போகிறது. வருகிறவர்களில் பலர் கேட்பது பெரிய ஓட்டலை அல்ல. மஞ்சள் சுவரும் மரச் சன்னலும் நடுவில் முற்றமும் உள்ள பழைய வீட்டில் ஓர் அறை வேண்டும் என்கிறார்கள். அப்படிப்பட்ட அறைகள் வருடத்துக்கு வருடம் பெருகுகின்றன. அவற்றுக்கான விதிகளும் மேற்பார்வையும் அந்த வேகத்தில் வளரவில்லை.

பத்துப் பதினைந்து அறைகளைத் தாண்டாத, பழைய வீட்டைப் பழுதுபார்த்து நடத்தும் இத்தகைய விடுதியைப் ‘பூட்டிக் ஹோட்டல்’ என்கிறார்கள். கடற்கரையை ஒட்டிய ஒயிட் டவுனில் தொடங்கிய இந்த வழக்கம் பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் வீதிகளுக்கும் வந்து நாளாகிறது. கூடவே ‘ஹோம்ஸ்டே’ என்ற பெயரில் பெயர்ப்பலகைகூட இல்லாத வாடகை அறைகளும் வந்துவிட்டன. தங்க வருகிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். தெருவில் குடியிருப்பவருக்கு அப்படித் தெரிவதில்லை.

இந்த விடுதிகள் வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். இவை வந்திருக்காவிட்டால், இன்று நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வீடுகளில் பல, அடுக்குமாடியாகவோ காலி மனையாகவோ மாறியிருக்கும்.

வீட்டைக் காத்தது விடுதி

1761-இல் பிரிட்டிஷ் படை புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியது. 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து ஊரை மீண்டும் எழுப்பினார்கள். நாம் பார்க்கும் பழைய ஊர் அதன் பின் கட்டப்பட்டதே. வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதில், பெரிய வாயில், உள்ளே தோட்டத்தோடு பிரெஞ்சு வீடுகள். மேற்கே தெருவை ஒட்டித் தாழ்வாரமும் திண்ணையும் வைத்த தமிழ் வீடுகள். இரண்டும் கலந்தவையும் உண்டு: கீழ்த்தளம் தமிழ் வீடாக இருக்கும், மாடிக்குப் போனால் பிரெஞ்சு பாணித் தூண்களும் வளைவுகளும் நிற்கும்.

இந்த வீடுகளைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அவை பாரமாயின. பாகப்பிரிவினையில் ஒரு வீட்டுக்கு ஆறு ஏழு பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், இரண்டு பேர் பிரான்ஸில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்களில் இது சர்வசாதாரணம். மழைக்காலம் முடிந்ததும் ஓடு மாற்ற யார் காசு கொடுப்பது என்பதிலேயே பேச்சு நின்றுபோகும். இடித்துக் கட்டித் தருகிறேன் என்று வரும் புரமோட்டரிடம் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அரசு மட்டும் என்ன கிழித்துவிட்டது? கடற்கரைச் சாலையில் நின்ற பிரெஞ்சுக் கால மேரி கட்டடம், நகராட்சியின் சொந்தக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்ப வேண்டியிருந்தது. நகராட்சிக் கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால் பங்காளிகள் சண்டையில் பூட்டிக்கிடக்கும் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

விடுதி வந்ததும் கணக்கு மாறியது. ரோமன் ரோலண்ட் வீதியில் பிரெஞ்சுக் காலத்துக் கல்வித் துறைக் கட்டடம் ஒன்று பழுதுபார்க்கப்பட்டு 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஓட்டலானது. பெருமாள் கோயில் வீதியில் ஒரு பழைய தமிழ் வீடும் அப்படியே மாறியது. பழைய வீட்டை இடிக்காமலே பணம் பார்க்கலாம் என்பது ஊருக்குப் புரிந்தது. இன்டாக் என்னும் மரபுக் காப்பு அமைப்பு வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. 2008-இல் அந்தப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. அங்கே வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு போட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. பின்னால் அதற்கு வருகிறேன்.

முற்றத்தின் மேல் கண்ணாடி

பழைய வீடு என்றால் பழைய சுவர் என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். அது வெயிலையும் கடல் காற்றையும் சமாளிக்கத் தெரிந்தவர்கள் கட்டியது. தடித்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாங்கும். முற்றத்தின் வழியே சூடான காற்று மேலே போகும். தெருப்பக்கச் சன்னலின் மரப்பட்டிகள் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும்.

விடுதியாக்கும்போது முதலில் கைவைப்பது முற்றத்தில். மழை வருமே என்று மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போடுகிறார்கள். அவ்வளவுதான், வீட்டின் மூக்கைப் பொத்தியாயிற்று. இனி ஏசி இல்லாமல் உள்ளே உட்கார முடியாது. அடுத்து, சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசுகிறார்கள். உள்ளே ஏறும் ஓதம் வெளியே போக வழியின்றி நிற்கும். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து விழும். அதை மறைக்க மறுபடி மஞ்சள் பெயின்ட்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து மாடிக் குளியலறை. பழைய மாடித் தளம் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்னும் முறையில் போட்டது. தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கி நிறுத்திய தளம். நனையாமல் இருந்தால் நூறாண்டு தாங்கும். அதன் மேல் ஐந்து அறைக்கு ஐந்து குளியலறை கட்டி, குழாய் ஓட்டி, ஒரு இணைப்பு கசிந்தாலும் போதும். சட்டத்தின் நுனி சுவருக்குள் இருக்கும் இடத்தில் உளுத்துப்போகும். கீழிருந்து பார்த்தால் பொய்க்கூரை மறைத்துக்கொண்டிருக்கும்.

ஊரில் எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, குளியலறைகளைப் பின்கட்டில் புதிதாகக் கட்டி, பழைய மாடியைத் தொடாமல் விட்ட நல்ல விடுதிகளும் இருக்கின்றன. வாடகைப் பட்டியலைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

பில்லில் வருவது

வாடகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம். ரூ.7,500 அறைக்கு நம் கையிலிருந்து போவது ரூ.7,875. அதுவே ரூ.7,600 என்றால் ரூ.8,968. வாடகையில் நூறு ரூபாய் வித்தியாசம், பில்லில் ரூ.1,093 ஆகிறது. பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கோட்டைத் தெரிந்துவைத்துப் பேசலாம்.

சாப்பாட்டு பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ தானாக வந்து உட்கார்ந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே இதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த நெறிமுறையை உறுதிசெய்தது. பரிமாறிய பையனுக்குக் கொடுக்க நினைத்தால் அவர் கையில் கொடுங்கள்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கீழ்த்தள அறை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது. இந்த வீடுகளில் லிஃப்ட் வைக்க இடமில்லை. மரப்படிகள் செங்குத்தாக ஏறும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வேறு தண்டனை.

ஒரே மாடிப்படி

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் கவலை தருவது தீ.

நான் தங்கிய ஒரு விடுதியில் மாடியில் ஐந்து அறை. இறங்குவதற்கு ஒரே மரப்படி. படிக்குக் கீழே இன்வெர்ட்டரும் பேட்டரிகளும். பக்கத்தில், சலவைக்குப் போகக் காத்திருக்கும் படுக்கை விரிப்பு மூட்டை. அந்தப் பக்கம் சமையலறை. தீயணைப்பான் இல்லாமல் இல்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால், பெரிய மணிபிளான்ட் தொட்டி ஒன்று அதை முக்கால்வாசி மறைத்துக்கொண்டிருந்தது. ஊழியரிடம் கேட்டேன். “இருக்குது சார், எடுத்துப் பாத்ததில்ல” என்றார். நல்ல பையன். காலையில் தோசை ஊற்றியதும் அவர்தான், இரவுக் காவலும் அவர்தான்.

பழைய வீட்டுத் தெருப்பக்கச் சன்னல்களுக்கு இரும்புக் கம்பி உண்டு. ஏசி போட்ட பிறகு சன்னல்களைத் திறக்கவே முடியாதபடி அடைத்துவிடுகிறார்கள். படியில் புகை ஏறிவிட்டால் மாடியில் இருப்பவர் எங்கே போவார்?

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல் பாக்கில் ஓர் ஓட்டல் எரிந்து 17 பேர் இறந்தார்கள். 2025 ஏப்ரலில் கொல்கத்தா புர்ரா பஜாரில் ஓர் ஓட்டலில் 14 பேர். இரண்டிலும் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, வெளியேற வழியில்லாத இடத்தில் சூழ்ந்த புகை. அவை பல மாடிக் கட்டடங்கள், நம்முடையவை இரண்டு மாடிதானே என்று சிலர் சொல்லக்கூடும். தேக்குச் சட்டங்களும் மரப்படியும் உள்ள இரண்டு மாடி அது. தீயணைப்பு விதிகளின் கவனமெல்லாம் உயரமான கட்டடங்களின் மேல் இருப்பதால் இத்தகைய வீடுகள் வலையின் ஓட்டை வழியே நழுவிவிடுகின்றன.

இதற்குத் தீர்வு இந்த ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழர் வீதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. ஒரு மொட்டை மாடியிலிருந்து அடுத்த மொட்டை மாடிக்குக் காலெடுத்து வைக்கலாம். ஒவ்வொரு விடுதியும் மொட்டை மாடிக்குத் திறந்திருக்கும் ஒரு வழியும், பக்கத்து வீட்டுக்காரரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் வைத்திருந்தால் இரண்டாவது வெளியேறும் வழி தயார். அறைக்கு ஒரு புகை எச்சரிக்கைக் கருவி பேட்டரியிலேயே ஓடும். ஓர் இரவு வாடகைக்குள் அடங்கிவிடும் செலவு. இன்வெர்ட்டரைப் படிக்கு அடியிலிருந்து பின்கட்டுக்கு மாற்ற ஒரு எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

முத்திரையர்பாளையத்துத் தண்ணீர்

பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபத்தின் முன் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அது தண்ணீருக்காகக் கட்டியது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய தாசி ஆயியின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கடலோர வெள்ளையர் பகுதிக்குக் குடிக்க நல்ல நீர் இல்லாமல், அந்தக் குளம் இருக்கும் முத்திரையர்பாளையத்திலிருந்து நீர் கொண்டுவரப்பட்டபோது எழுந்த நினைவு மண்டபம் இது.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் கடலோர வீதிகளில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கிறது. நகரத்தின் குடிநீர் இன்றும் நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. இறைக்க இறைக்கக் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் எட்டு அறை, எட்டுக் குளியலறை, தினமும் மாற்றும் விரிப்புகள், துண்டுகள், சில இடங்களில் மொட்டை மாடியில் சிறு நீச்சல் குளம்! அந்தக் குளத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கேட்டால் ‘டேங்கர்’ என்கிறார்கள். டேங்கருக்கு எங்கிருந்து வருகிறது? ஊருக்கு வெளியே யாரோ ஒரு விவசாயியின் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து.

கழிவுநீருக்கும் இதே கணக்குதான். ஒரு குடும்பத்துக்கு என்று வைத்த இணைப்பில் இருபது பேரின் கழிவு போகிறது. அடைத்துக்கொண்டால் பொங்குவது பக்கத்து வீட்டு வாசலில்.

பெயரில் மட்டும் ஹோம்ஸ்டே

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒன்று முதல் ஆறு அறைகள், அதிகபட்சம் 12 படுக்கைகள். விருந்தாளியாக ஒருவர் வந்து வீட்டு மனிதர்களோடு தங்கி, வீட்டுச் சமையலைச் சாப்பிட்டுப் போகலாம் என்பதே அதன் நோக்கம்.

புதுச்சேரியில் இன்று ஹோம்ஸ்டே என்று வலைத்தளங்களில் வருபவை எல்லாம் அப்படியா? யாரோ ஒருவர் நாலைந்து வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து, பெங்களூரிலிருந்தே நடத்துகிறார். கதவருகே எண் பூட்டு போட்ட சிறு பெட்டி. வாட்ஸ்அப்பில் எண் வரும். சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். அடையாள அட்டையைப் பார்ப்பவர் இல்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி, ஆளே இல்லாத வீட்டில் எப்படி நடக்கும்? மோட்டார் ஓடவில்லை என்றால் நள்ளிரவில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். சனிக்கிழமை இரவு மாடியில் பாட்டு. போலீஸுக்குப் போன் செய்யும் வேலையும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கே.

முறையாக உரிமம் வாங்கி, வரி கட்டி, ஆள் வைத்து நடத்தும் சின்ன விடுதிக்காரரும் இதில் அடிபடுகிறார். அதே அறையைப் பாதி வாடகைக்குப் பக்கத்தில் கொடுக்கும்போது அவர் தீயணைப்புக்கும் சுண்ணாம்புக் கொத்தனாருக்கும் எங்கே செலவழிப்பார்?

தெருவில் யார் இருப்பார்கள்?

ஒயிட் டவுனில் குடும்பங்கள் எப்போதோ குறையத் தொடங்கிவிட்டன. அங்கே அரசு அலுவலகங்களும் ஆசிரமக் கட்டடங்களும் உணவகங்களும் மிகுதி. உயிரோடு இருக்கும் பழைய ஊர் வாய்க்காலுக்கு மேற்கேதான்: பெருமாள் கோயிலையும் ஈஸ்வரன் கோயிலையும் சுற்றிய வீதிகள், மிஷன் வீதி மாதா கோயிலைச் சுற்றிய கிறித்தவக் குடும்பங்கள், தெற்கே முஸ்லிம் வீதிகள். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. சுற்றி மனிதர்கள் குடியிருப்பதால்தான் அங்கே நடப்பதில் ஒரு சுவை இருக்கிறது.

ஒரு வீதியில் நாலு வீடு விடுதியானால் ஒன்றும் ஆகிவிடாது, கடைக்காரருக்கு வியாபாரம்தான். பாதி வீதி விடுதியானால் முதலில் மூடுவது மாவு மில். பிறகு இஸ்திரி வண்டி இடம் மாறும். தையல்கடை இருந்த இடத்தில் நானூறு ரூபாய்க்குக் காபி விற்கும் கடை வரும். வாடகைக்குக் குடியிருப்பவரிடம் வீட்டுக்காரர், “மாசத்துக்கு நீங்க குடுக்கிறது எனக்கு ரெண்டு சனி ஞாயிறுல வந்துடும், பாத்துக்குங்க” என்று சொல்லத் தொடங்குவார். இதைச் சட்டம் எதுவும் தடுக்கவில்லை.

மலேசியாவின் பினாங்கில் இது நடந்து முடிந்திருக்கிறது. தமிழர்கள் இரு நூற்றாண்டுகளாக வாழும் ஜார்ஜ் டவுனில் 2000-ஆம் ஆண்டோடு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது; 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஊர் சேர்ந்தது. பழைய கடைவீடுகள் அழகாகச் சீரமைக்கப்பட்டு விடுதிகளாயின. தலைமுறை தலைமுறையாக மாடியில் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். பார்சிலோனா இன்னும் கடுமையாகப் போய்விட்டது: 2028 நவம்பருக்குள் சுற்றுலா வாடகைக்கான 10,101 குடியிருப்பு உரிமங்களையும் புதுப்பிக்காமல் முடிப்பதாக 2024-இல் அறிவித்தது. அந்த அளவுக்குப் போக வேண்டிய நிலை நமக்கு இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

செய்யக்கூடியவை

முதலில் பெயர்களைப் பிரிக்க வேண்டும். வீட்டுக்காரர் குடியிருந்து ஆறு அறை வரை விட்டால் அது ஹோம்ஸ்டே. அவருக்கு ஒரே படிவம், குறைந்த கட்டணம், வீட்டு உபயோகத்துக்கான மின்கட்டணம் என்று சலுகை தரலாம். வீட்டுக்காரர் இல்லாமல் நடப்பது எதுவாக இருந்தாலும், இரண்டே அறை என்றாலும், அது விடுதி. விடுதிக்குள்ள எல்லா விதியும் அதற்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எண் கொடுத்து வாசலில் எழுதவைக்க வேண்டும். எண் இல்லாத வீட்டை முன்பதிவுத் தளங்கள் பட்டியலிடக் கூடாது என்று ஆணை போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

வீதிக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். தமிழர் வீதிகளில் ஐந்து வீட்டுக்கு ஒன்று என்று தொடங்கலாம். அனுபவத்தைப் பார்த்து ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். மரபுக் காப்புக்கென்று ஆலோசனைக் குழு ஏற்கெனவே இருக்கிறது. முகப்பின் நிறத்தைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லாமல், முற்றத்தை மூடுவது, பழைய மாடித் தளத்தில் குளியலறை கட்டுவது ஆகியவற்றுக்கும் அந்தக் குழுவின் அனுமதி கட்டாயமாக வேண்டும்.

பழைய வீடுகளுக்கென்று தனித் தீயணைப்பு விதி வேண்டும். உயரத்தைப் பார்க்காமல், எத்தனை பேர் தூங்குகிறார்கள், மரம் எவ்வளவு, வெளியேற எத்தனை வழி என்று பார்க்கும் விதி. இரவில் ஓர் ஊழியர் விழித்திருக்க வேண்டும் என்பதும் அதில் சேர வேண்டும். பகலெல்லாம் வேலை செய்த அதே பையனாக அவர் இருக்கக் கூடாது.

தண்ணீருக்கு மீட்டர் வைத்து விடுதிகளுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கட்டும். முற்றத்தில் விழும் மழையைத் தொட்டியில் சேர்க்கும் விடுதிக்கு அதில் தள்ளுபடி கொடுக்கலாம். மொட்டை மாடி நீச்சல் குளங்களுக்குப் பழைய ஊரில் இனி அனுமதி வேண்டாம். வாகனங்களைப் பொறுத்தவரை, கடற்கரைச் சாலையை மாலை ஆறு மணிக்கு மேல் மூடி ஊருக்கு நல்லது செய்த நிர்வாகம், விடுதிக்கு வரும் கார்களை ஊருக்கு வெளியே நிறுத்தவைத்து சிறு பேருந்து விடுவதையும் வார இறுதிகளிலாவது செய்து பார்க்கலாம்.

கடைசியாக, விடுதியாக்காமல் குடியிருப்பவருக்கு என்ன தருகிறோம்? ஒன்றுமில்லை. தாழ்வாரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பத்துக்கும் அதை இடித்துத் தள்ளியவருக்கும் வீட்டுவரியில் வேறுபாடு இருக்க வேண்டும். வைசியாள் வீதியில் நடந்ததுபோல், வீட்டுக்காரர் ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு என்று சீரமைப்புக்குப் பணம் போடும் திட்டத்தை நிரந்தரமாக்க வேண்டும். விடுதிகளிடம் வசூலாகும் உரிமக் கட்டணத்தை இதற்கே திருப்பிவிடலாம். அந்த வீடுகளைப் பார்க்கத்தானே விருந்தாளி வருகிறார்?

தங்கப் போகிற வாசகர்களும் முன்பதிவுக்கு முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: உரிம எண் என்ன, மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி இருக்கிறதா, இரவில் யார் இருப்பார்கள். பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன் வீதி வீதியாக ஆள் அனுப்பி, எந்த வீட்டில் எத்தனை அறை வாடகைக்கு விடப்படுகிறது என்று எண்ணுங்கள். அந்தப் பட்டியலை நகராட்சி வாசலிலும் இணையத்திலும் போடுங்கள். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், உலக வங்கிக் கடனும் வேண்டாம்.